ஹேஸ்டிங்ஸ் தேடும் பீரோ

கல்கத்தாப் பேய்களில் வாரன் ஹேஸ்டிங்ஸ் கொஞ்சம் தனி ரகம். அலிப்பூரில் அவர் குடியிருந்த தோட்ட வீடு இன்னும் இருக்கிறது. பெயர் ஹேஸ்டிங்ஸ் ஹவுஸ். நடுராத்திரியில் நாலு குதிரை பூட்டிய கோச்சு வண்டி ஒன்று அந்த வீட்டு வாசலில் வந்து நிற்குமாம். முதலில் குளம்புச் சத்தம், பிறகு சக்கரம் சரளைக் கல்லை நெரிக்கும் சத்தம். வண்டியிலிருந்து இறங்குகிறவர் முன்னாள் கவர்னர் ஜெனரல். விறுவிறுவென்று படியேறி உள்ளே போவார், அறை அறையாக எதையோ தேடுவார், கிடைக்காமல் திரும்பிப் போய்விடுவார். யாரையும் மிரட்டுவதில்லை, யார் மேலும் ஏறுவதில்லை. நம்மூர்ப் பேய்களோடு ஒப்பிட்டால் இது ரொம்பச் சாது. மூக்குக் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டு வீட்டையே புரட்டிக்கொண்டிருக்கும் தாத்தா மாதிரி.

அவர் தேடுவது ஒரு கறுப்புப் பீரோவை. லண்டனில் அவர் மேல் நடந்த பெரிய விசாரணையில் அவரை நிரபராதி என்று நிரூபிக்கக்கூடிய காகிதங்கள் அதற்குள் இருந்தன, பீரோ தொலைந்துபோனதால் செத்த பிறகும் அவருக்கு நிம்மதி இல்லை என்பது கதை. கல்கத்தாவில் பேய் உலாவும் இடங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இது இருக்கும். தேசிய நூலகம், ரைட்டர்ஸ் பில்டிங், ஹேஸ்டிங்ஸ் ஹவுஸ் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார்கள்.

இந்தக் கதையை இங்கே எடுத்துக்கொள்ள ஒரே காரணம்தான். பீரோ நிஜம். அது தொலைந்ததும் நிஜம். அதற்குப் பத்திரிகை விளம்பரமே இருக்கிறது.

1787 செப்டம்பர் 6-ஆம் தேதி 'கல்கத்தா கெஜட்'டில் வந்த அறிவிப்பு அது. ஹேஸ்டிங்ஸ் வங்காளத்தை விட்டுக் கப்பலேறி இரண்டரை வருஷம் ஆகிவிட்டிருந்தது. அறிவிப்பின் சாரம் இதுதான்: வாரன் ஹேஸ்டிங்ஸுக்குச் சொந்தமான பழைய கறுப்பு மரப் பீரோ ஒன்று, அவர் ஊரை விட்டுப் போன சமயத்தில், எஸ்பிளனேடில் இருந்த அவர் வீட்டிலிருந்து திருடு போயிருக்கலாம், அல்லது அவருடைய சாமான்களை ஏலம் விட்டபோது தவறுதலாக விற்றுப் போயிருக்கலாம். அதில் இரண்டு சின்னப் படங்களும் சில அந்தரங்கக் காகிதங்களும் இருந்தன. பீரோவில் இருந்தவற்றை மீட்க வழி செய்யும் தகவல் தருபவருக்கு லார்கின்ஸ், தாம்சன் என்ற இருவரும் 2,000 சிக்கா ரூபாய் கொடுப்பார்கள்.

அந்த நாளில் 2,000 சிக்கா ரூபாய் சுமார் 200 பவுனுக்குச் சமம். ஒரு பழைய மரச் சாமானுக்கு யாரும் அவ்வளவு தர மாட்டார்கள். விளம்பரத்தைக் கவனமாகப் படித்தால் அதுவே சொல்லிவிடுகிறது: பணம் பீரோவுக்கு இல்லை, உள்ளே இருந்ததற்கு. சட்டத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், சரக்கைக் கொடுங்கள் என்கிற தொனி.

லார்கின்ஸும் தாம்சனும் யார்? வில்லியம் லார்கின்ஸ் கம்பெனியின் அக்கவுண்டன்ட் ஜெனரல். ஹேஸ்டிங்ஸின் சொந்தப் பணக் கணக்குகளையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். ஜார்ஜ் நெஸ்பிட் தாம்சன் ஹேஸ்டிங்ஸின் அந்தரங்கச் செயலாளராக இருந்தவர். அதாவது, ஒரு ஆளுடைய பணத்தையும் ரகசியத்தையும் அறிந்த இரண்டு பேர் சேர்ந்து பேப்பரில் பெயர் போட்டுப் பீரோவைத் தேடுகிறார்கள். விஷயம் லேசானதாக இருந்திருக்காது.

இங்கே சொற்களைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. 'பீரோ' என்றதும் தமிழ் வாசகர் மனதில் வருவது ஆள் உயர இரும்பு அலமாரி, கண்ணாடி பதித்த கதவு, உள்ளே பட்டுப்புடவை, நகைப்பெட்டி. சொல் அதேதான், சாமான் வேறே. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ்காரனுக்குப் பீரோ என்றால் எழுத்து மேசை. மேலே சரிந்த மூடி, திறந்தால் எழுதும் பலகை, கீழே இழுப்பறைகள். எழுதியதை மடித்து உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டுப் போகலாம். அதே மாதிரி 'கறுப்பு' என்ற சொல்லிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பேய்க் கதையில் கறுப்புப் பீரோ என்றால் ஏதோ அமானுஷ்யமாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து இந்திய ஆங்கிலத்தில் 'பிளாக்வுட்' என்று சொன்னால் பெரும்பாலும் ஈட்டி மரம், நாம் ரோஸ்வுட் என்று சொல்வது. தோதகத்தி என்றும் பெயர் உண்டு. ஆக, கவர்னர் ஜெனரலின் ஆவி தேடுவது பழைய ஈட்டி மர எழுத்து மேசை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். இப்படிச் சொன்னால் பாதிப் பயம் போய்விடுகிறது, தெரியும்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. விளம்பரம் சொல்கிற வீடு எஸ்பிளனேடில், நகரத்தின் நடுவில், கோட்டை மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்த வீடு. அலிப்பூர் அங்கிருந்து தெற்கே, அந்த நாளில் ஊருக்கு வெளியே தோட்டமும் துரவுமாக இருந்த இடம். பேய் வீடு மாறி வந்து தேடிக்கொண்டிருக்கிறது! இத்தனை வருஷமாகக் கிடைக்காததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஏன் வீடு மாறியது? எஸ்பிளனேட் அடையாளம் தெரியாமல் மாறிப்போன இடம். கச்சேரிகளும் கடைகளும் டிராம் தண்டவாளமும் வந்து பழசெல்லாம் மூழ்கிவிட்டது. பேய்க்கு நிற்க ஒரு கட்டடம் வேண்டும், அதுவும் பழைய, பெரிய, மரம் சூழ்ந்த கட்டடம். அலிப்பூர் வீடு நின்றது. ஹேஸ்டிங்ஸ் அதை 1770-களில் கட்டினார், மனைவி மரியனோடு அங்கே இருக்கப் பிரியப்பட்டார். ஓவியர் சோஃபானி ஹேஸ்டிங்ஸ் தம்பதியை அந்தத் தோட்டத்தில் நிற்கவைத்து வரைந்த படம் விக்டோரியா நினைவகத்தில் இருக்கிறது. கதைக்கு ஏற்ற வீடு அதுதான் என்று காலம் தீர்மானித்துவிட்டது.

இனி விசாரணை. 1785 பிப்ரவரியில் ஹேஸ்டிங்ஸ் கல்கத்தாவை விட்டுக் கிளம்பினார். அடுத்த வருஷமே எட்மண்ட் பர்க் பார்லிமெண்டில் குற்றச்சாட்டுகளைக் கொண்டுவந்தார். 1787 மே மாதம் முறைப்படி பிரபுக்கள் சபை முன் குற்றம் சாட்டப்பட்டது. 1788 பிப்ரவரி 13-ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை தொடங்கியது. சீமாட்டிகள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்த விசாரணை. ஏழு வருஷம் இழுத்தது. 1795 ஏப்ரல் 23-ஆம் தேதி எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் ஹேஸ்டிங்ஸ் விடுதலை.

ஆமாம், விடுதலை. பேய்க் கதை சொல்கிறவர்கள் இதை மட்டும் விழுங்கிவிடுவார்கள். விடுதலையான மனுஷனுக்கு நிரபராதி என்று நிரூபிக்கிற காகிதம் எதற்கு? வழக்குச் செலவு 70,000 பவுனுக்கு மேல் போய் அவரை ஓட்டாண்டி ஆக்கியது உண்மை. கம்பெனி பிறகு வருஷத்துக்கு 4,000 பவுன் பென்ஷன் கொடுத்தது. 1818-ல், 85 வயதில், டெய்ல்ஸ்ஃபோர்டில் செத்தார். குடும்பம் முன்னொரு காலத்தில் இழந்துவிட்ட சொத்து அது. திரும்ப வாங்கியே தீருவேன் என்று சின்ன வயதில் சபதம் எடுத்து, விசாரணை தொடங்கிய அதே 1788-ல் வாங்கிவிட்டார். அவருடைய ஆவி எங்காவது உலாவ வேண்டுமென்றால் நியாயப்படி டெய்ல்ஸ்ஃபோர்டில்தான் உலாவ வேண்டும்.

தேதிகளையும் கொஞ்சம் ஒட்டிப் பார்க்கலாம். 1787 மே மாதத்துச் செய்தி நன்னம்பிக்கை முனை சுற்றி வரும் கப்பலில் கல்கத்தா வந்து சேர சாதாரணமாக ஐந்து ஆறு மாதம் பிடிக்கும். விளம்பரம் செப்டம்பர் முதல் வாரத்தில் வந்துவிட்டது. நாலு மாதம்கூட ஆகவில்லை. ஆகவே குற்ற விசாரணை உறுதியான செய்தி கேட்டுப் பதறிப்போய்க் கொடுத்த விளம்பரமாக இது இருக்க வாய்ப்புக் குறைவு. அதற்கு முன்பிருந்தே தேடல் நடந்திருக்கிறது. ஹேஸ்டிங்ஸ் தாம்சனுக்கு எழுதிய கடிதங்களிலும் பீரோ பற்றிய கவலை வருகிறது. பர்க் தயாராகிக்கொண்டிருந்தது 1786-லிருந்தே எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்பதால் வழக்கின் நிழல் அதில் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தொலைந்த காகிதத்தை ஒரு ஆள் இவ்வளவு மெனக்கெட்டுத் தேடினால், ஊருக்குக் காட்டுவதற்காகவும் இருக்கலாம், ஊர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவும் இருக்கலாம். கதை முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டது.

இரண்டு சின்னப் படங்களைக் கதை சுத்தமாக மறந்தேபோனது. எனக்கு விளம்பரத்தில் ஒட்டிக்கொண்டது அதுதான். யாருடைய படங்கள் என்று அதில் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் உள்ளங்கையளவு தந்தத்தில் முகத்தை வரைந்து வைத்துக்கொள்வார்கள், கடல் தாண்டிப் போகிறவர்களும் செத்துப்போனவர்களை நினைத்துக்கொண்டிருப்பவர்களும். ஹேஸ்டிங்ஸின் முதல் மனைவி மேரி 1759-ல் இறந்து காசிம்பஜாரில் புதைக்கப்பட்டார். பெண் குழந்தை பிறந்த சில நாளிலேயே போய்விட்டது. மகன் ஜார்ஜைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தார். 1765-ல் இவர் ஆசையாக ஊருக்குப் போய் இறங்கியபோது, பையன் முந்தின வருஷமே இறந்துவிட்ட செய்திதான் காத்திருந்தது. பிறகு 1769-ல் சென்னைக்கு வரும் கப்பலில் சந்தித்தவர்தான் மரியன். அப்போது அவர் பரோன் இம்ஹாஃப் என்ற ஜெர்மன்காரரின் மனைவி, அந்த இம்ஹாஃப் சின்னப் படங்கள் வரைகிற ஓவியர். (ஹேஸ்டிங்ஸ் 1772 வரை சென்னைக் கோட்டையில் கவர்னருக்கு அடுத்த இடத்தில் இருந்தார் என்பதை நம் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை.) மரியன் விவாகரத்துப் பெற்று 1777-ல் ஹேஸ்டிங்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். இவர்களில் யார் முகம் அந்தப் பீரோவில் இருந்தது? ஒரு கிழவரின் ஆவி ராத்திரியில் வந்து தேடுவதற்கு, கோர்ட்டுக் காகிதத்தைவிட இது எவ்வளவோ பொருத்தமான காரணம். கதை சொன்னவர்களுக்கு ராஜாங்கக் காரணம்தான் பிடித்திருக்கிறது.

யார் அந்தக் கதை சொன்னவர்கள்? அங்கேதான் எனக்கு ஆர்வம். கோச்சு வண்டி, வாசல் முகப்பு, மர மேசை, தொலைந்த பத்திரம் எல்லாமே இங்கிலீஷ் பேய்க் கதையின் தளவாடங்கள். வங்காளத்துக்குச் சொந்தப் பேய்கள் ஏராளம். பிரம்ம தைத்தியன் அரசமரத்தில் இருப்பான், சாக்சுன்னி வளையல் போட்டுக்கொண்டு வருவாள், மேச்சோ பூத் மீன் வாங்கிப் போகிறவனை மறித்து மீன் கேட்கும். இவற்றில் எதுவும் ஹேஸ்டிங்ஸ் ஹவுஸுக்குள் நுழையவில்லை. அது வெள்ளைக்காரக் கல்கத்தா தனக்குத்தானே சொல்லிக்கொண்ட கதை. பஸ்டீடின் 'பழைய கல்கத்தாவின் எதிரொலிகள்' 1882-ல் வந்தது, காட்டனின் கல்கத்தா வரலாறு 1907-ல். நூறு வருஷத்துக்கு முந்தைய டூயல்களையும் காதல்களையும் கல்லறைகளையும் ஆசையாகத் தோண்டி எடுத்த தலைமுறை அது. கர்சன் வைஸ்ராயாக இருந்த 1899-1905 காலத்தில்தான் அரசாங்கம் ஹேஸ்டிங்ஸ் ஹவுஸை வாங்கி, கல்கத்தா வரும் சமஸ்தான ராஜாக்களைத் தங்கவைக்கும் விருந்தினர் மாளிகையாக்கியது. அதே கர்சன்தான் 1902-ல் இருட்டறைச் சம்பவத்துக்கு மறுபடி ஒரு நினைவுத்தூண் எழுப்பினார். தலைநகரம் டெல்லிக்குப் போனதும் மாளிகைக்கு வேலை இல்லாமல் போனது. இப்போது அங்கே பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடக்கிறது. பேயும் காலத்துக்கேற்ப ஜோடி சேர்ந்துகொண்டது. மைதானத்தில் பந்து விளையாடும்போது இறந்த ஒரு பையனின் ஆவியும் அங்கே உலாவுவதாகப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட கதை உண்டு.

பக்கத்திலேயே பெல்வெடர் மாளிகை, இன்றைய தேசிய நூலகம். அதுவும் ஒரு காலத்தில் ஹேஸ்டிங்ஸ் கையில் இருந்ததுதான். 1780 ஆகஸ்ட் 17 விடியற்காலையில் அதன் அருகில்தான் அவரும் கவுன்சில் உறுப்பினர் பிலிப் பிரான்சிஸும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்கள். காயம்பட்ட பிரான்சிஸைப் பெல்வெடருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டு சீமைக்குப் போன அந்த மனுஷர்தான் பின்னால் பர்க்குக்குத் தகவல் கொடுத்துக்கொண்டே இருந்தார். 2010-ல் இந்திய தொல்லியல் துறை அந்தக் கட்டடத்தைப் பழுதுபார்க்கும்போது கீழ்த்தளத்தில் சுமார் 1,000 சதுர அடிக்கு, கதவும் ஜன்னலும் இல்லாத அடைத்த பகுதி ஒன்று தெரியவந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. புதையல் என்றார்கள், கைதிகளை உயிரோடு வைத்து அடைத்த அறை என்றார்கள், எலும்புக்கூடு நிச்சயம் என்றார்கள். கடைசியில் துளை போட்டுப் பார்த்தால் முழுக்க மண். கட்டடம் உறுதியாக நிற்பதற்காகக் கட்டியவர்கள் அடைத்த மண். எவ்வளவு ஏமாற்றம்! ஆனால் அந்தச் சில மாதம் ஊர் என்ன எதிர்பார்த்தது என்பதைப் பாருங்கள்: வெள்ளைக்காரன் வீட்டுச் சுவருக்குப் பின்னால் நம் ஆட்களின் எலும்பு இருக்கும் என்று. 1900-களில் துரைகள் அங்கே துரையின் கோச்சு வண்டியைக் கேட்டார்கள். 2010-ல் ஊர் ஜனம் சுவருக்குள் கைதிகளைக் கேட்டது. அதே பேட்டை, காது வேறே.

எலும்பு என்றதும் மகாராஜா நந்தகுமார் ஞாபகத்துக்கு வந்தே தீருவார். 1775 மார்ச்சில் அவர், ஹேஸ்டிங்ஸ் மூன்றரை லட்சம் ரூபாய் லஞ்சம் வாங்கினார் என்று கவுன்சிலில் எழுதிக் கொடுத்தார். மே மாதம் அவரே கைதானார், குற்றம் வேறு: பல வருஷம் முந்தைய ஒரு கடன் பத்திரத்தில் போர்ஜரி. விசாரித்த சுப்ரீம் கோர்ட் தொடங்கியதே 1774-ல்தான். தலைமை நீதிபதி எலைஜா இம்பே, ஹேஸ்டிங்ஸோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். போர்ஜரிக்குத் தூக்கு என்பது இங்கிலீஷ் சட்டம், இந்த மண்ணில் யாரும் கேள்விப்படாதது. ஆகஸ்ட் 5-ஆம் தேதி தூக்கில் போட்டுவிட்டார்கள். ஹேஸ்டிங்ஸ் சொல்லித்தான் நடந்ததா என்று இருநூறு வருஷமாக அடித்துக்கொள்கிறார்கள். மெக்காலே இம்பேயைக் கிழித்தார், 1885-ல் ஸ்டீஃபன் இரண்டு பாகத்தில் புத்தகம் எழுதி இம்பேயைக் காப்பாற்றப் பார்த்தார். நேரடி உத்தரவு இருந்தது என்று நான் நம்பவில்லை. உத்தரவு தேவைப்படாத அளவுக்கு எல்லாருக்கும் எல்லாம் புரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அன்றைய கல்கத்தா ஷெரீப் மாக்ரபி, நந்தகுமாரின் கடைசி நேரத்தைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். கலங்காமல், பேச்சுத் தடுமாறாமல், பல்லக்கில் போய் இறங்கி நின்றாராம். மாக்ரபி பிரான்சிஸின் மைத்துனர் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் அதைப் படிக்க வேண்டும். இருந்தாலும் படித்தால் மனதை என்னவோ செய்கிறது. ஹேஸ்டிங்ஸ் எதற்காகப் பீரோவைத் தேடுகிறார் என்று கேட்டால் விசாரணைக்காக என்கிறது கதை. அந்த விசாரணைக்குப் போன குற்றச்சாட்டுகளின் ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று நந்தகுமார் கொடுத்த மனு. அவருக்குக் கோச்சு வண்டிக் கதையில் எட்டிப் பார்க்கக்கூட இடம் இல்லை. மர மேசை தொலைத்தவர் நூற்றாண்டுக் கணக்கில் அலைகிறார்.

தூக்கு நடந்த இடம் கோட்டைக்குத் தெற்கே கூலி பஜார் என்ற பேட்டை. இன்று வித்யாசாகர் சேது ஏறும் பக்கம். கூலி பஜார் என்ற பெயர் போய் ரொம்ப நாளாகிறது. இப்போது அந்தப் பேட்டையின் பெயர் ஹேஸ்டிங்ஸ். பிற்பாடு மார்க்விஸ் ஆஃப் ஹேஸ்டிங்ஸ் என்று இன்னொரு கவர்னர் ஜெனரலும் வந்தார், எந்த ஹேஸ்டிங்ஸ் என்று வாதாடலாம். பஸ் கண்டக்டர் ஸ்டாப் பெயரைக் கூவும்போது அதெல்லாம் சொல்வதில்லை.